ஒரே கொதிகலன், இரண்டு கணக்கு: ஃபிர்கின் பப்கள் வளர்ந்ததும் மூடியதும்

பப்பின் நிலவறையிலேயே பீர் காய்ச்சி, அதையே மேலே கவுன்டரில் ஊற்றி விற்பது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வெகு சாதாரணம். 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பழைய வகையில் நாலே நாலு பப்கள்தான் மிஞ்சியிருந்தன: ஹெல்ஸ்டனில் புளூ ஆங்கர், பிஷப்ஸ் காசிலில் த்ரீ டன்ஸ், மேட்லியில் ஆல் நேஷன்ஸ், நெதர்ட்டனில் ஓல்ட் ஸ்வான். நாலுமே லண்டனிலிருந்து வெகுதூரம்.

இந்த ஆய்வு 1979-ல் டேவிட் புரூஸ் லண்டனில் தொடங்கிய ஃபிர்கின் பப்களைப் பற்றியது. ஒற்றைப் பப்பாக ஆரம்பித்து, நூறைத் தாண்டிப் பரவி, இருபது வருடத்தில் காய்ச்சுவதையே நிறுத்திவிட்ட சங்கிலி. பெரிய கம்பெனி வாங்கியது, கெடுத்தது என்று இதை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வரவு செலவைப் பிரித்துப் பார்த்தால், நிலவறையில் இருந்த அந்தக் கொதிகலன் ஒரு முதலாளிக்கு லாபமாகவும் அடுத்த முதலாளிக்கு வீண் செலவாகவும் தெரிந்ததற்குக் கெட்ட எண்ணம் எதுவும் தேவைப்படவில்லை என்பது புரியும்.

தொடங்கிய காலம்

அன்றைய பிரிட்டனில் பப் என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு பீர் கம்பெனியின் சொத்து. நடத்துபவர் அந்தக் கம்பெனியின் பீரைத்தான் வாங்கி விற்க வேண்டும், வேறு சரக்குக்கு இடமில்லை. பாஸ், அலைட், விட்பிரெட், வாட்னி, கரேஜ், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில் என்ற ஆறு பெரிய கம்பெனிகள் சந்தையைப் பிடித்து வைத்திருந்தன. வடிகட்டி, சூடாக்கி, வாயு ஏற்றி, எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும் கெக் பீர் அவர்களுக்கு வசதி. அது பிடிக்காதவர்கள் 1971-ல் சேர்ந்து தொடங்கியதுதான் கேம்ரா என்ற அமைப்பு. பீப்பாய்க்குள்ளேயே மெதுவாக நுரைத்துக்கொண்டிருக்கும் ‘ஏல்’ என்ற பழைய வகை பீரைக் காப்பாற்றுவது அவர்கள் நோக்கம்.

லண்டனில் நிலைமை இன்னும் மோசம். விட்பிரெட்டின் சிஸ்வெல் ஸ்ட்ரீட் ஆலை 1976-ல் காய்ச்சுவதை நிறுத்தியது. டவர் பிரிட்ஜ் ஓரமாக இருந்த கரேஜ் ஆலை 1981-ல் மூடியது. சதர்க் பகுதி ஒரு காலத்தில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ வியாபாரத்தின் நடுமையம், 1867-ல் கட்டிய ஹாப் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. அதே சதர்க்கில், பரோ ரோட்டில், மூடிக்கிடந்த ஒரு பப்பை எடுத்துத்தான் புரூஸ் 1979-ல் கூஸ் அண்ட் ஃபிர்கினைத் திறந்தார். கரேஜ், தீக்ஸ்டன் என்ற பீர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர், அப்போது கையில் வேலை இல்லை. வீட்டின் மேல் இரண்டாவது அடமானம் வைத்து 10,000 பவுண்ட் கடன் வாங்கினார். பெரிய ஆலைகளே கடையைக் கட்டிக்கொண்டிருந்த ஊரில், வீட்டை அடகு வைத்து ஒருவர் நிலவறையில் பீர் காய்ச்சப் போகிறார் என்றால் வங்கி மேலாளர் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலவறையில் நடந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாக் கணக்கும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

முறைப்படி பீர் காய்ச்சுவதென்றால் முதலில் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) நொறுக்கி, ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸில் இருக்கும்படி வெந்நீரில் ஊற வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்புறம் சாற்றை வடித்தெடுத்து, சக்கையின் மேல் மறுபடி வெந்நீர் தெளித்து ஒட்டியிருக்கும் இனிப்பையும் கழுவியெடுத்து, கொதிகலனில் ஏற்றி ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விட வேண்டும். ஏல் வகைக்கு மூன்று நாளிலிருந்து ஐந்து நாளில் வேகம் அடங்கிவிடும், பிறகு பீப்பாய்க்குள் சில நாள். ஆரம்பத்திலிருந்து கோப்பை வரை ஒரு வாரம், பத்து நாள்.

ஊறவைக்கும் தொட்டி, சக்கையை வாரிக்கொட்ட இடம், அதை வெளியே எடுத்துப்போக வழி என்று எல்லாவற்றுக்கும் குறுகலான லண்டன் நிலவறையில் இடம் கிடைப்பது கஷ்டம். கூஸ் அண்ட் ஃபிர்கினில் புரூஸ் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டை வைத்துக் காய்ச்சினார். இனிப்புச் சாற்றை ஏற்கெனவே எடுத்து, தேன் பதத்துக்கு வற்றவைத்து விற்கும் பொருள் அது. அதை நீரில் கரைத்து நேரடியாகக் கொதிகலனில் ஏற்றிவிடலாம். தொட்டி மிச்சம், சக்கை மிச்சம், அரை நாள் வேலை மிச்சம். சுவையில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: எக்ஸ்ட்ராக்ட் பீரில் நாக்கில் ஒட்டுகிற ஒரு மந்தமான இனிப்பு தங்கிவிடும், பழகியவர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். புரூஸின் பெயர்பெற்ற டாக்போல்டர் ஏறக்குறைய 6 சதவீத ஆல்கஹால் உள்ள கனத்த, அடர்நிற ஏல். அந்த அளவு உடம்புள்ள பீரில் இந்தக் குறை ஓரளவு மறைந்துவிடும், பிட்டர் என்ற மெல்லிய, கசப்பான ஏலில் மறையாது. டாக்போல்டர் பேசப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பப்பிலேயே காய்ச்சுவதில் இன்னொரு பெரிய வசதி, பீர் எங்கும் பயணம் போக வேண்டாம் என்பது. பீப்பாய் ஏலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும், அடியில் வண்டல் இருக்கும். லாரியில் குலுங்கி வந்தால் ஒரு நாளாவது அசையாமல் வைத்துத் தெளியவிட வேண்டும். 11 முதல் 13 டிகிரி வரை குளிர்ச்சியான நிலவறை வேண்டும். திறந்துவிட்டால் மூன்று, நாலு நாளுக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றுப் பட்டுப் புளித்துப்போகும். காய்ச்சியவரே படியேறி வந்து மேலே ஊற்றிக் கொடுக்கிற இடத்தில் இதில் பாதித் தொல்லை இல்லை. பீர் சரியில்லை என்றால் யாரைக் கேட்பது என்பதிலும் சந்தேகம் இல்லை.

இனி கணக்கு. பிரிட்டிஷ் அளவில் ஒரு பேரல் என்பது 36 கேலன், அதாவது 288 பைன்ட். ஃபிர்கின் என்பது அதில் கால் பங்கு, 9 கேலன், 72 பைன்ட், ஏறக்குறைய 41 லிட்டர். ஐந்து பேரல் காய்ச்சக்கூடிய சிறிய உலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 1,440 பைன்ட். 4 சதவீதம் அளவில் சாதாரண பிட்டர் காய்ச்ச ஏறக்குறைய 125 கிலோ மால்ட் போதும், 25 கிலோ மூட்டையில் ஐந்து. அத்தோடு ஹாப்ஸ், ஈஸ்ட், எரிபொருள், கலால் வரி, காய்ச்சுபவரின் சம்பளம். இவையெல்லாம் சேர்ந்தும், அதே 1,440 பைன்டை ஒரு கம்பெனியிடம் மொத்த விலைக்கு வாங்குவதைவிடக் குறைவாக வந்தால் உலை லாபம். தனிப் பப் முதலாளிக்கு அப்படித்தான் வரும், ஏனென்றால் அவர் மிச்சம் பிடிப்பது கம்பெனியின் லாபத்தையும் லாரிச் செலவையும் சேர்த்து. ஒரே நிபந்தனை: காய்ச்சியது கெடுவதற்குள் விற்க வேண்டும். ஐந்து நாளில் தீர்க்க, தினமும் 288 பைன்ட். கூட்டம் இல்லாத பப்பில் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

சாப்பாடு

கூட்டத்தை நிறுத்திவைப்பதற்குச் சாப்பாடு. ஆனால் ஃபிர்கினில் சமையல்காரரின் கைவரிசை எல்லாம் கிடையாது. பெரிய உருண்டை ரொட்டியைப் பிளந்து உள்ளே இறைச்சித் துண்டுகளையோ சீஸையோ அடைத்துக் கொடுப்பது, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ (pie), இந்த மாதிரிதான். மட்டமான சிந்தனை என்று தோன்றலாம், அன்றைய சட்டத்தைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். 1988 ஆகஸ்ட் வரை இங்கிலாந்தில் பப்கள் மத்தியானம் கட்டாயம் மூட வேண்டும். முற்பகலில் திறந்து மூன்று மணிவாக்கில் மூடி, மாலை மறுபடி திறக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து சாப்பிட வருகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள், இருப்பது ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் அடுப்பில் வைத்து வேகவிட வேண்டிய எந்தப் பண்டமும் கவுன்டரில் வரிசையை நீட்டும், பீர் ஊற்ற வேண்டிய கை கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காலையிலேயே வெட்டி அடைத்து வைத்துவிட்ட ரொட்டியை எடுத்து நீட்ட பத்து நொடி போதும். கையில் பிடித்து நின்றுகொண்டே சாப்பிடலாம், மேசை வேண்டாம், முள்கரண்டி வேண்டாம். உப்பும் கொழுப்பும் உள்ளே போனால் இன்னொரு பைன்ட் கேட்கத் தோன்றும். வயிறு நிறைந்திருப்பதால் 6 சதவீத டாக்போல்டர் தலைக்கு ஏறுவதும் மெதுவாகும், இது நடத்துபவருக்கும் நல்லது குடிப்பவருக்கும் நல்லது.

சாப்பாடே முன்னுக்கு வந்து பீர் துணைக்கு வரும் பப் கொஞ்சம் பின்னால் வந்தது. 1991-ல் லண்டன் ஃபாரிங்டன் ரோட்டில் மைக்கேல் பெல்பெனும் டேவிட் அயரும் எடுத்து நடத்திய ஈகிள், கவுன்டருக்குப் பின்னாலேயே அடுப்பை வைத்து, கரும்பலகையில் அன்றைய சமையலை எழுதிப்போட்டது. காஸ்ட்ரோபப் என்ற வகை அங்கிருந்துதான் ஆரம்பம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அது வேறு தொழில். அங்கே ஆதாயம் தட்டில், ஃபிர்கினில் ஆதாயம் தொட்டியில். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், ஃபிர்கின் ஏன் நல்ல சமையல்காரரை வைத்துத் தப்பிக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். சமையல்காரருக்குச் சம்பளம் கொடுத்தால் காய்ச்சுபவரின் சம்பளத்துக்கு எங்கே போவது?

பரவியது

முதல் பப் பிடித்துக்கொண்டது, அடுத்தது லூயிஷமில் ஃபாக்ஸ் அண்ட் ஃபிர்கின், அப்புறம் வரிசையாக வந்தன. மரப்பலகைத் தரை, அலங்காரமில்லாத நாற்காலிகள், பியானோ, பப்புக்குப் பப்பு வேறு விலங்கின் பெயர், அந்தப் பெயரை வைத்துக் கொச்சையாகச் சிலேடை அடித்த டீ-ஷர்ட்கள். இவற்றில் எனக்குப் பிடித்தது டென்மார்க் ஹில் ரயில் நிலையக் கதை. 1980-ல் எரிந்துபோன அந்த விக்டோரியா காலத்துக் கட்டடத்தைச் சீரமைத்து 1984-ல் உள்ளே பப்பைத் திறந்தார்கள், தீயில் எரிந்த இடம் என்பதால் பெயர் ஃபீனிக்ஸ் அண்ட் ஃபிர்கின். ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் எல்லாம் வாடிக்கையாளர்கள், தினமும் இத்தனை பைன்ட் தீர வேண்டும் என்ற கணக்குக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

1988-ல் புரூஸ் எல்லாவற்றையும் மிட்சம்மர் லெஷர் என்ற கம்பெனிக்கு 66 லட்சம் பவுண்டுக்கு விற்றார். 10,000 பவுண்ட் கடனில் தொடங்கி ஒன்பது வருடம்.

கை மாறிய பிறகு

மிட்சம்மரிடமிருந்து ஸ்டாக்கிஸ், அங்கிருந்து 1991-ல் அலைட். மூன்றே வருடத்தில் மூன்று கை. முதல் இரண்டு பேரும் பொழுதுபோக்கு, ஓட்டல் தொழில்காரர்கள். அலைட் அப்படியில்லை, ஆறு பெரியவர்களில் ஒருவர். ஆயிரக்கணக்கான பப்களும் பெரிய பீர் ஆலைகளும் வைத்திருந்தவர். கணக்கு முறிந்தது இந்த இடத்தில்தான்.

அதே ஐந்து பேரல் உலையை அலைட்டின் கணக்காளர் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவர் பீரை மொத்த விலைக்கு வெளியே வாங்குவதில்லை. பெரிய ஆலை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, அங்கே இன்னும் ஐந்து பேரல் கூடுதலாகக் காய்ச்ச ஆகும் செலவு மால்ட், ஹாப்ஸ், வரி, கொஞ்சம் லாரி எண்ணெய், அவ்வளவுதான். நிலவறை உலைக்கோ தனியாக ஓர் ஆள், தனியாகக் கழுவித் துடைக்கும் வேலை, தனியாகக் கலால் பதிவு, ஒரு தடவை கெட்டுப்போனால் 1,440 பைன்ட் சாக்கடையில். புரூஸுக்கு அந்த உலை மிச்சப்படுத்திக் கொடுத்ததெல்லாம் கம்பெனியின் லாபத்தை. அலைட்டே அந்தக் கம்பெனி. தன் லாபத்தைத் தானே மிச்சப்படுத்த முடியாதே. ஆக அவர்களிடம் ஃபிர்கின் போனதும் உலையின் மதிப்பு சுவரில் தொங்கும் விளம்பரப் பலகையின் மதிப்பாகச் சுருங்கிவிட்டது: பார்க்க அழகு, ஆட்களை உள்ளே இழுக்கும், ஆனால் அது எல்லாப் பப்பிலும் இருக்க வேண்டியதில்லை.

அப்படியே நடந்தது. அலைட் ஃபிர்கினை ஊர் ஊராக, முக்கியமாக மாணவர்கள் நிறைந்த ஊர்களில், பரப்பியது. நூறைத் தாண்டிய பப்களில் பலவற்றில் உலையே கிடையாது, உலை உள்ள ஃபிர்கினிலிருந்து பீப்பாய் வந்து இறங்கும். செய்முறை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்து, பீரின் பெயர் மட்டும் பப்புக்கு ஏற்ப மாறியது. பெயர்ப்பலகையில் பறவை, டீ-ஷர்ட்டில் சிலேடை, தரையில் பலகை எல்லாம் அப்படியே. லாரியில் வந்த பீர் என்றால் நிலவறையிலிருந்து மேலே வந்த பீர் என்ற ஒரே விசேஷமும் போய்விட்டது.

இதற்கிடையில் வெளியுலகமும் மாறியிருந்தது. 1989-ல் அரசு கொண்டுவந்த பீர் ஆணைகள் 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த பீர் கம்பெனிகளை, அதிகப்படியாக உள்ளவற்றில் பாதியை, தங்கள் பீரைத்தான் விற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கச் சொன்னது, 1992 நவம்பர் கெடு. மிச்சமிருந்த கட்டுப்பட்ட பப்களிலும் வெளியார் பீப்பாய் ஏல் ஒன்றை விற்க உரிமை கொடுத்தது. 1979-ல் லண்டனில் நல்ல பீப்பாய் ஏல் வேண்டுமென்றால் தேடி அலைய வேண்டும், 1990-களில் தெருமுனைப் பப்பிலேயே எங்கோ ஒரு சிற்றாலையின் பீர் கிடைத்தது. ஃபிர்கினின் பீர் அதோடு போட்டி போட வேண்டியிருந்தது, உண்மையைச் சொன்னால் பல இடங்களில் தோற்றது. காய்ச்சுபவர் மாறினால் சுவை மாறும், ஒரு வாரம் பிரமாதம் மறுவாரம் சுமார் என்பது சிறிய உலைகளின் குணம். அந்தக் குணத்தை மன்னிக்க வைப்பது காய்ச்சியவர் அங்கேயே நிற்பது, பெரிய சங்கிலியில் அந்த மன்னிப்புக் கிடைக்காது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒருவர் வசதியாக இருக்கிறார். கூஸ் அண்ட் ஃபிர்கின் திறந்த அதே 1979-ல்தான் வடக்கு லண்டனில் டிம் மார்ட்டினின் முதல் வெதர்ஸ்பூன் பப்பும் திறந்தது. அவர் எதையும் காய்ச்சவில்லை. பலரிடம் மொத்தமாக வாங்கி, விலையை அடித்துப் பேசி, நாள் முழுக்கச் சாப்பாடு போட்டார். அந்த முறையில் பப்களின் எண்ணிக்கை கூடக்கூட வாங்கும் விலை குறையும். புரூஸின் முறையில் எண்ணிக்கை கூடினால் உலைகளும் ஆட்களும் தவறுகளும் அதே வேகத்தில் கூடும், எதுவும் மலிவாவதில்லை. இரண்டில் எது நூறு பப்களுக்குத் தாங்கும் என்பதில் பெரிய மர்மம் இல்லை.

1999-ல் அலைட் டொமெக் (இடையில் பெயர் மாறிவிட்டது) தன் பப்கள் ஏறக்குறைய 3,500-ஐ 275 கோடி பவுண்டுக்குப் பஞ்ச் டேவர்ன்ஸிடம் விற்றது. அதில் சில நூறு பாஸ் கம்பெனியின் கைக்குப் போயின. ஃபிர்கின்களும் இப்படிப் பங்கு பிரிந்தன. பஞ்ச் பப்களை வாடகைக்கு விட்டுப் பீர் வாங்க வைக்கும் தொழில் செய்தது, காய்ச்சும் உலைக்கு அதில் இடமே இல்லை. காய்ச்சுவது நின்றது, பெயர்கள் ஒவ்வொன்றாக மாறின.

கொடுமை என்னவென்றால், வெறும் மூன்றே வருடம் கழித்து, 2002-ல், சிறு ஆலைகளுக்கான வரிச்சலுகை வந்தது. வருடத்துக்கு 5,000 ஹெக்டோலிட்டர் (5 லட்சம் லிட்டர்) வரை காய்ச்சியவருக்குப் பீர் வரியில் பாதி தள்ளுபடி கிடைத்தது. பத்து வருடத்துக்குள் பிரிட்டனில் பீர் ஆலைகளின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதற்கு இது பெரிய காரணம். அந்தச் சலுகை 1999-ல் இருந்திருந்தால் ஃபிர்கின் பிழைத்திருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். சலுகை முதலாளியின் மொத்த உற்பத்தியைப் பார்த்துத்தான் கிடைக்கும், எத்தனை நிலவறையில் பிரித்துக் காய்ச்சினாலும் கூட்டிப் பார்ப்பார்கள். ஒற்றைப் பப்பில் நின்ற 1979-ன் புரூஸுக்கு அது அமிர்தமாக இருந்திருக்கும்.

லூயிஷமில் ஃபாக்ஸ் அண்ட் ஃபிர்கின் அதே பெயரோடு இசை நிகழ்ச்சிகள் நடத்தும் இடமாக நடக்கிறது. டென்மார்க் ஹில் பப் வெறும் ஃபீனிக்ஸ் ஆகிவிட்டது. முதலில் சொன்ன நாலு பழைய பப்களில் புளூ ஆங்கர் அதே ஹெல்ஸ்டனில் ஸ்பிங்கோ என்ற தன் ஏலைக் காய்ச்சுகிறது, கிளை பரப்பவில்லை.

புரூஸும் சும்மா இருக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் விடுமுறையைக் கழிக்கக் கென்னட் அண்ட் ஏவன் கால்வாயில் படகுகள் விடும் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு கேப்பிடல் பப் கம்பெனியில் இருந்தார், அது 2011-ல் 9.3 கோடி பவுண்டுக்கு கிரீன் கிங் என்ற பீர் கம்பெனியிடம் போனது. லண்டனில் நல்ல இடம் பார்த்துப் பப்களை வாங்கி, சாப்பாட்டை ஒழுங்காகப் போட்டு, பீரை வெளியே வாங்கி விற்ற தொழில் அது. அடுத்து கிளைவ் வாட்சனோடு சேர்ந்து தொடங்கிய சிட்டி பப் கம்பெனியில், பாத், கேம்பிரிட்ஜ் போன்ற ஊர்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய பப்களில் மட்டும் உலை வைத்தார்கள்.